திரைக்குப் பின்னால் ரெண்டு இருமல்

நகராட்சியில் குழாய் ஃபிட்டர் வேலை ஒன்று காலி. இனிமேல் சிபாரிசு செல்லாது, திறமைக்குத்தான் வேலை என்று மேலிடத்து உத்தரவு வந்த அன்று தலைவருக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணுகளா. வேலை தன் மச்சானுக்குத்தான் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார், பாவம்.

அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துவந்தவள் ஒருத்தி. ஊரே அவளை 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடும். தேர்வில் தோற்றால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, தினமும் அண்ணியின் முகத்தில் விழிக்க வேண்டும். அதுக்குச் சாக்கடையே மேல் என்பாள்.

ஆணையரம்மா பலே ஆள். கூடத்தின் குறுக்கே திரை கட்டச் சொன்னார். தேர்வுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போய் உடைந்த குழாயை இணைத்து, திரைக்கு அடியில் இந்தப் பக்கம் தள்ள வேண்டும். ஆணையரம்மா, பொறியாளர், தலைவர் மூவரும் தண்ணீர் திறந்து பார்த்து மார்க் போடுவார்கள். யார் செய்தது என்று தெரியாது. பேச்சுமூச்சு கூடாது.

"பேசத்தானே கூடாது மாப்ளே? ரெண்டு தடவை இருமு. மீதியை நான் பாத்துக்கறேன்" என்று மச்சானின் காதில் ஓதினார் தலைவர்.

"ஒழுகினா, அத்தான்?"

"ஆறா ஓடினாலும் முழு மார்க்டா!"

அந்தத் திரை இருக்கிறதே, அது கிடங்கில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள்மேல் கிடந்த துணி. காவலாளி அதை உதறக்கூட இல்லை. அப்படியே கொண்டுவந்து கட்டிவிட்டார்.

முதல் ஆள் போனான். லொக், லொக். தலைவர் சிரித்தபடி முழு மார்க் போட்டார்.

அடுத்த ஆள். லொக், லொக். தலைவர் பேனாவைக் கடித்தார். இவன்தானோ? எதற்கு வம்பு, இவனுக்கும் முழு மார்க். அடுத்தது லொக், லொக், லொக். அதற்கும் தாராளம்.

நடுவில் ஒரு குழாய் வந்தது. சொட்டு ஒழுகவில்லை. பொறியாளர் இணைப்பைத் தடவித் தடவிப் பார்த்து, "கை இருக்குங்க இந்த ஆளுக்கு" என்றார். அந்த ஆளுக்கும் இருமல்தான்.

கடைசியாக நின்ற மச்சான் வெளியே கணக்குப் போட்டான். எல்லாரும் இருமினால் அத்தானுக்கு என்னை எப்படித் தெரியும்? இருமாமல் இருந்தால்தானே தனியாகத் தெரிவேன்! கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போனான். கண்ணில் நீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவன் தள்ளிய குழாயில் தண்ணீரைத் திறந்ததும் அது பீய்ச்சியடித்துத் தலைவரின் கஞ்சிபோட்ட சட்டையை நனைத்தது. 'இருமவே இல்லை, நிச்சயம் நம்மாள் இல்லை' என்ற தைரியத்தில், "எந்தத் தடியன்டா இவன்!" என்று பெரிதாக ஒரு முட்டை போட்டார்.

தலைவர் வாரி இறைத்த மார்க் மற்ற எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைத்ததால், ஆணையரம்மாவும் பொறியாளரும் போட்டதுதான் நின்றது. வேலை ஸ்பானருக்கு.

"சொந்த மச்சானுக்கே முட்டை! நேர்மைன்னா இது" என்று ஆணையரம்மா எல்லார் முன்னாலும் பாராட்டினார். கைதட்டல் காதைப் பிளந்தது. தலைவர் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி கும்பிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் யாரோ இருமினார்கள். லொக், லொக். தலைவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"நான்தாங்க, ஸ்பானர். பவுடர் இன்னும் தொண்டையை விடலை. உங்க வீட்டு அக்கா போன் பண்ணாங்க, குழாய் புடுங்கிக்கிச்சாமே?"

பயிற்சி என்று சொல்லி மச்சான் கழற்றிப்போட்ட சமையலறைக் குழாய்தான். தலைவரிடம் பேசாத மனைவி ஸ்பானரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அங்கே முழங்கால்வரை நனைந்து, குழாய் ஓட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்ற மச்சான், தலைவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அத்தான், இப்ப இருமட்டுமா?"