ஒண்ணுமில்ல

1
மாலை நாலரை மணிக்கு அக்கா டாக்டரிடமிருந்து திரும்பினாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "க்ளினிக்க வித்துட்டாங்களாம்டா" என்றாள். இந்தக் கதை அப்படித்தான் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை.

2
முதல் வரியாக எழுதிப் பார்த்தது: "மருத்துவமனை யார் கைக்குப் போகிறதோ, அவர்கள் கணக்குப்படியே செலவும்..."
(அடித்துவிட்டேன். இது கட்டுரை. அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. கட்டுரைக்கு வாங்காது.)

3
டாக்டரம்மா அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பெயர்ப்பலகை மட்டும் க்ளினிக்கை வாங்கிய கம்பெனியுடையது. முன்பெல்லாம் அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு" என்பார். படியிறங்குவதற்குள் பாதி நோய் போய்விடும். இப்போது ஸ்கேன் எடுக்காமல் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதாம்.
அவர் வீணாக எதையும் எழுதித் தருபவரல்ல. அதனால்தான் அக்கா பயந்திருக்கிறாள்.

4
"எத்தன டெஸ்ட்டு?" என்றார் மாமா.
"ஸ்கேனோட சேத்து நாலு."
"புது முதலாளிக்கு ஒண்ணு, அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டு மச்சினனுக்கா?"
அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நிற்கவில்லை. மாமா தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "டாக்டரம்மாவா எழுதினாங்க, இல்ல கம்பெனியா?"
"அவங்க கையெழுத்துதான்."
"கை அவங்களோடது. எழுதச் சொன்னது யாரு?"
"நானும் கேட்டேங்க. அவங்க ஜன்னலப் பாத்தாங்க."

5
டாக்டரம்மாவைக் கெட்டவராக எழுத வரவில்லை. அவருக்கும் வயதாகிறது. தனியாக வாடகை, ஆள் சம்பளம், ஓயாத பல்வலி...
(பல்வலி நான் சேர்த்தது. இரக்கம் போதவில்லை என்று தோன்றியது.)

6
முடிவுகள்.
அக்கா நாலையும் எடுக்கிறாள். ஒன்றுமில்லை. வளையல் போகிறது. மாமா ஒரு வாரம் கேலி பேசுவதில்லை.
அல்லது, எடுக்கவில்லை. மழைக்காலம் வருகிறது. அக்கா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து
(இதை முடிக்க மாட்டேன்.)
அல்லது டாக்டரம்மா யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கே வந்து குழாயை வைத்துக் கேட்கிறார். இது எனக்குப் பிடித்த முடிவு. நடக்காது.

7
மூன்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்தபடி, கண்ணை மூடிக் கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் காகிதத்தை மடித்தேன்.
"கத கெடக்கட்டும்டா. நான் அந்த ஸ்கேன எடுக்கட்டுமா, வேணாமா?"