பத்துக்கு எட்டு

உச்சியினின்று இறங்கிய கதிரவன் மேற்கு மாடிகளின் விளிம்பைத் தொட்டு நின்ற பிற்பகல் வேளை. ஒருபுறம் இரும்புப் பட்டறைகளின் தட்டோசையும் மறுபுறம் பேருந்துகள் கிளப்பிய புழுதியும் ஓயாது வந்து மோதும் நெருக்கமான தெருவொன்றில், மஞ்சள் வண்ணம் வெளிறி, பலகணிக் கம்பிகள் துருவேறி, நாள் முழுதும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய தாயைப்போல ஓய்ந்து நின்றது ஒரு தொடக்கப்பள்ளி. கடைசி மணி அடங்கிப் பிள்ளைகளின் இரைச்சல் வடிந்துபோன அதன் முற்றத்தில் அன்று நின்றவர்கள் பெற்றோர்கள். வேலையினின்று அரைநாள் இசைவு பெற்று வந்தவரும், இசைவு கேட்க அஞ்சி நழுவி வந்தவரும், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாய்ப் பிள்ளைகளோடு வந்தவருமாக, தாம் இளமையில் நடுங்கி நின்ற அறைகளை ஒத்த அறைகளின் வாயிலில், அந்த நடுக்கம் இன்னும் தீராதவராய்க் காத்திருந்தனர். ஆண்டிறுதித் தேர்ச்சி அட்டை வழங்கும் நாள் அது.

கற்றறிந்த நண்பரே, அந்தச் சிறு அட்டையை நீரும் ஒருகாலத்தில் வீட்டுக்குச் சுமந்து சென்றிருப்பீர். ஒரு பிள்ளை நான்கு திங்களாய் ஓடியதும் விழுந்ததும், கனவு கண்டதும் கணக்கில் தடுமாறியதும் ஆறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும் என்று நம்பியவர்கள் ஆக்கிய அட்டை அது. எண்களுக்குக் கீழே ஆசிரியர் குறிப்புக்கு ஒரு கோடு உண்டு. அதில் 'நன்று' என்றோ, 'முயல்க' என்றோ, 'மேலும் முயல்க' என்றோ எழுதுவர். மேலும் முயல்க என்பதற்கு 'இப்பிள்ளையை என்ன செய்வதென்று எனக்கே விளங்கவில்லை' என்பதே பொருள் என ஆசிரியர் அனைவரும் அறிவர், பெற்றோர் அறியார். அதற்கும் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. கண்டோம், அறிந்தோம் என்பதற்கு அதுவே சான்று.

கீழ்த்தளத்துக் கடைசி அறையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை அமர்ந்திருந்தார். முதல் வகுப்பில் ஒரு கூட்டத்தை ஏற்கும் ஆசிரியை, மூன்றாம் வகுப்பு முடியும்வரை அக்கூட்டத்தோடு உடன் ஏறி வருவது அப்பள்ளியின் முறை. ஆதலால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் ஒன்பது பருவத்து அட்டைகளும் அவர் கைப்பட எழுதியவை. எந்தப் பிள்ளை பசியோடு வரும், எந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானைக் கடிக்கும் என்றெல்லாம் அறிந்த நல்லாசிரியைதான். ஆயினும் அன்று அவர் கை ஓர் அட்டையை மட்டும் அடுக்கின் அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தது. அந்த அட்டைக்கு உரியவளின் தாய் முந்தைய நாள் மாலை தொலைபேசியில், "காது டாக்டர் பழைய அட்டையெல்லாம் பாக்கணுங்கிறாரு டீச்சர், எல்லாத்தையும் எடுத்துட்டு வரோம்" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சிறுமியை வகுப்பில் எல்லோரும் சிட்டு என்பர். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பிறர் முகத்தைப் பார்ப்பதால் வந்த பெயர். முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் செவி நன்றாகவே இருந்தது; எழுத்துத்தான் தடுமாறிற்று. ஆறு அகவைப் பிள்ளைக்கு அது இயல்பு. சொல்வதெழுதலில் ஆசிரியை பத்துச் சொற்களைச் சொல்ல, மூன்றைச் சரியாக எழுதினாள். உள்ளது உள்ளபடி மூன்று என்று சிவப்பு மையால் எழுதி அட்டையைக் கொடுத்தனுப்பினார் ஆசிரியை. மறுநாள் சிறுமி ஒரு செவியில் பஞ்சும் இரு கன்னங்களில் வீக்கமுமாக வந்து அமர்ந்தாள். என்ன நேர்ந்தது என்று குனிந்து கேட்டவரிடம், குறை சொல்வதுபோல் அன்றி, மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள்: "நீங்க மூணு மார்க் போட்டீங்கல்ல டீச்சர், அதான்."

அச்சொல் ஆசிரியையின் நெஞ்சில் தைத்தது. தைத்த முள்ளைப் பிடுங்க வழி இரண்டு இருந்தன. தந்தையை அழைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளி. கை பெரிது, குரல் அதனினும் பெரிது. மேலும், வீட்டு அடியைப் பற்றிப் பேசிய ஆசிரியை ஒருவரால் இரண்டு பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டனர் என்று தலைமையாசிரியர் ஆண்டு முழுதும் புலம்பியிருந்தார். மற்றொரு வழி, அடுத்த பருவத்தில் மூன்று என்று எழுதாமல் இருப்பது. ஓர் ஆளை எதிர்கொள்வதினும் ஓர் எண்ணை மாற்றுவது எளிது. இரண்டாம் அட்டையில் எட்டு என்று எழுதினார், அடி விழவில்லை. அதன்பின் ஒவ்வொரு பருவமும் எட்டுத்தான். ஒன்பது போட்டால் ஐயம் வரும், ஏழு போட்டால் ஏன் குறைந்தது என்று கேள்வி வரும்; எட்டே காப்பு என்று கண்டுகொண்டார்.

இரக்கத்தால் செய்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் கை, சோற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அன்று அறைபட்டுச் சவ்வு கிழிந்த செவி உள்ளுக்குள் சீழ்பிடித்துப் புரையோடி, அடுத்த செவியும் மெல்ல மெல்ல அடைபட, இரண்டாம் வகுப்பின் நடுவே சிறுமி ஓசைகளை இழந்துகொண்டிருந்தாள். ஆசிரியை முகம் காட்டிச் சொன்னால் இதழ்களைப் பார்த்து எழுதுவாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொன்னால் அவள் எழுதுகோல் நின்றுவிடும். அதை ஆசிரியை கண்டார். கண்டபின், சொற்களை இதழ் விரித்து, அவள் இருக்கைக்கு நேரே நின்று சொல்லத் தொடங்கினார். செவி கேளாதவள் என்று எழுதினால் எட்டு எப்படி வந்தது என்று கேட்பார்களே என்னும் அச்சம் அவர் கையைக் கட்டிற்று. ஒரு பொய்யைக் காக்க ஓராண்டு அல்ல, ஒன்றரை ஆண்டு இதழ் விரித்தார்.

வரிசை தேய்ந்து, அறை வெறிச்சோடியபின் சிட்டும் அவள் பெற்றோரும் உள்ளே வந்தனர். சிறுமி வழக்கமான தன் இடத்தில், ஆசிரியையின் முகம் நேரே தெரியும் முதல் வரிசையில் சென்று அமர்ந்தாள். தாய் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். தீப்பொறி பட்ட தழும்புகள் நிறைந்த கைகளால் தந்தை எட்டு அட்டைகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"புது அட்டையை அப்புறம் வாங்கிக்கிறேன் டீச்சர். மொதல்ல ஒண்ணு கேக்கணும். ரெண்டு காதுலயும் உள்ள சீழ் கட்டியிருக்காம். இது புதுசா பழசான்னு டாக்டர் கேக்குறாரு. புதுசுன்னா சொட்டு மருந்து விட்டுப் பொறுத்துப் பாக்கலாமாம். பழசுன்னா எலும்பை அரிச்சுக்கிட்டு மூளைப் பக்கம் போயிருக்குமாம். படம் எடுத்தாத்தான் தெரியும், அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில மூணு மாசம் காத்துக் கெடக்கணும். பழசுன்னு தெரிஞ்சா அவசரம்னு எழுதி இன்னிக்கே அனுப்புறேங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் ஆசிரியை.

"நான் என்னத்தைக் கண்டேன்? பட்டறை இரைச்சல்ல எனக்கே பாதி கேக்காது. அதான் அட்டையைக் கொண்டாந்தேன். பாருங்க, சொல்வதெழுதல்ல எட்டு, எட்டு, எட்டு. காது கேக்காத புள்ளை எப்படி எட்டு வாங்கும்? போன மாசக் காய்ச்சல்ல வந்ததுதானே இது? புதுசுதானே?"

அதுவரை வாய் திறவாதிருந்த தாய் அப்போது பேசினார். "கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறான்னு நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும் இந்த அட்டையை எடுத்துக் காட்டி என் வாயை அடைச்சிட்டாரு."

அடுக்கின் அடியில் கிடந்த ஒன்பதாம் அட்டையிலும் எட்டு என்றே எழுதியிருந்தது. அதை எடுத்து நீட்டிப் 'புதுசுதான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூவரும் போய்விடுவர். வேலையும் நல்ல பெயரும் மிஞ்சும். மூன்று திங்களில் அந்தப் பிள்ளை மிஞ்சுவாளா என்பதுதான் தெரியாது. சிறுமி ஆசிரியையின் இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்வதெழுதலுக்கு ஆயத்தமாக இருப்பவள்போல.

"புதுசு இல்லை," என்றார் ஆசிரியை. "அந்த எட்டெல்லாம் நான் போட்டது. அவ வாங்கினது இல்லை."

"புரியல."

"அவளுக்குக் கேக்கல. என் உதட்டைப் பாத்து எழுதுறா. ரெண்டாம் வகுப்புலயே எனக்குத் தெரியும்."

தந்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. "தெரிஞ்சும் சொல்லலையா? நீங்கல்லாம் ஒரு டீச்சரா?"

ஆசிரியை வரிசையின் முதலில் கிடந்த அட்டையை எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல மட்டும் உண்மையைப் போட்டேன். மூணு. மறுநாள் காதுல பஞ்சோட வந்தா."

தந்தை அந்த அட்டையைப் பார்த்தார். சிவப்பு மையால் எழுதிய மூன்றையும், அதற்குக் கீழே, சினத்தில் அழுத்தித் தாள் கிழிய இட்ட தம் கையொப்பத்தையும், அதன் அருகிலிருந்த நாளையும் பார்த்தார். பிறகு தம் வலக்கையைத் திருப்பி அதன் உள்ளங்கையைப் பார்த்தார். தாய் அழவில்லை, அவருக்கு இது செய்தியன்று. வெளியே எங்கோ ஒரு பட்டறையில் சம்மட்டி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

ஆசிரியை ஒன்பதாம் அட்டையை எடுத்து, எட்டை ஒரே கோட்டால் அடித்து, செவியால் கேட்டு எழுதியது ஒன்றுமில்லை என்று அருகே சுழியம் இட்டார். குறிப்புக்குரிய கோட்டில் 'நன்று' என்றோ 'முயல்க' என்றோ எழுதாமல், 'இரண்டாம் வகுப்பின் நடுவிலிருந்து செவி கேளாது; அறிந்தும் மறைத்தேன்' என்று எழுதித் தம் பெயரை இட்டார். "இதை டாக்டர்கிட்ட குடுங்க. இப்பவே போங்க," என்றார்.

"பூஜ்யமா?" என்றார் தந்தை, தம்மையறியாது மகள் பக்கம் திரும்பி. பின்பு, எட்டுமுறை செய்து பழகிய கை தானே நகர்ந்ததுபோல, பெற்றோர் கையொப்பத்துக்குரிய கோட்டில் தம் பெயரை எழுதினார். இம்முறை தாள் கிழியவில்லை. எழுத்துகள்தாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

நிமிர்ந்து மகளிடம் சென்றார். எதற்காகச் சென்றார் என்பதை நான் அறிவேன். அந்தக் கன்னத்தைத் தொட வேண்டும் என்பதற்காகவே சென்றார். ஆனால் அவர் இதழ்களில் சுழியத்தைப் படித்துவிட்டிருந்த சிறுமி, அப்பெரிய கை தன்னை நோக்கி வருவது கண்டு, தோள்களைக் குறுக்கி, கண்களை இறுக மூடி, இரு செவிகளையும் இரு கைகளால் பொத்திக்கொண்டாள். கை பாதி வழியில் நின்றது. அது அங்கேயே நின்றுகொண்டிருக்க, தாய்தான் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அன்றே பெரிய மருத்துவமனையில் சேர்த்தனர். புரையை அறுத்து எடுத்தனர். உயிர் பிழைத்தது, ஓசை திரும்பவில்லை. ஆசிரியை அடுத்த ஆண்டு எந்த வகுப்பையும் ஏற்கவில்லை. ஏற்க அவரை எவரும் அழைக்கவுமில்லை. தந்தை இன்றும் மகளிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமானால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று, இதழ் விரித்துச் சொல்கிறார். அறிவுசால் நண்பரே, ஒன்பது அட்டைகளில் மெய்யுரைத்தவை இரண்டே. முதல் மெய்க்கு அடி விழுந்தது. இரண்டாம் மெய் வந்து சேர்ந்தபோது, அதைக் கேட்க வேண்டியவளுக்குச் செவி இல்லை.