குதிரைக்கு யார் தலை

சோபா பட்டறைத் தச்சனுக்கு ரம்பம் என்று பெயர். கையில் எப்போதும் ரம்பம் இருப்பதால் வைத்த பெயர் என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் பேச ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவர் கழுத்து என்ன பாடுபடும் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவனுடைய ஜோடி பஞ்சு. மெத்தை வைத்துத் துணி இழுத்துத் தைப்பதில் கெட்டிக்காரன். ஆளும் மெத்தை மாதிரிதான், உட்கார்ந்தால் சத்தம் வராது.

பெரிய சோபா வந்தால் இருவரும் அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு மூலையில் இவன் பாதி, எதிர் மூலையில் அவன் பாதி. “என்ன அளவு வெச்சே?” என்று ஒருவனை ஒருவன் கேட்டதே இல்லை. கேட்டால் மானக்கேடு. கடைசியில் இரண்டையும் தள்ளி ஒட்டினால் போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் நிற்கும். முதலாளி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து காட்டுவார்.

பட்டறையின் ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைத்தபோது, ஒரே துணிக்குள் தலைப்பக்கம் ஒருவன், வால்பக்கம் ஒருவனாக, இருவரும் சேர்ந்து ஒரு குதிரை என்று பெயர் கொடுத்தார்கள். மறுநாளே லாரி டிரைவர் ரம்பத்தின் தலையில் கல்லைப் போட்டான்.

“என்னப்பா, உன் ஜோடி ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேற பட்டறைக்கு மேஸ்திரியாமே?”

“தெரியும் தெரியும்,” என்றான் ரம்பம். தெரியாது.

பஞ்சுவிடம் கேட்டுவிடலாம்தான். ஆனால் அது அவன் வாயால் வரவேண்டிய செய்தி. ஒன்றாகச் சோறு தின்கிறவன் சொல்லாததை டிரைவர் சொல்லிக் கேட்பதா? அவனே சொல்லட்டும் என்று ரம்பம் காத்திருந்தான். பஞ்சு வெயிலைப் பற்றிச் சொன்னான், முதுகுவலியைப் பற்றிச் சொன்னான். இதை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே புகைந்தது வெளியே வர ஒரு வழி வேண்டுமே. ரம்பத்தின் வீட்டுக் கூடத்தில் குதிரைக்கான பழுப்புத் துணியை விரித்த அன்றைக்கு வந்தது.

“தலை நான்தான்,” என்றான் ரம்பம்.

“நீ தலையா இருந்தா குதிரை பேசிக்கிட்டே போகும். வாய்ல ஆணி அடிக்கணும்.”

“உன்னை முன்னாடி விட்டா குதிரை வாசப்படியிலயே மாட்டிக்கும்டா.”

“அப்ப யானையே செய்வோம். தும்பிக்கை தைக்கிற வேலை மிச்சம், உன் மூக்கு இருக்கே.”

துணி மடித்துக்கொண்டிருந்த ரம்பத்தின் மனைவி நிமிரவில்லை. “ரெண்டு பேரும் வாலுக்குத்தான் லாயக்கு. இதுல தலைக்குப் போட்டி வேற.”

“நீ சும்மா இரு.”

“பாருங்கண்ணா, இந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் இவர் தலை.”

பஞ்சு சிரித்தான். அந்தச் சிரிப்பு ரம்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முன்னாடி போறதுன்னா உனக்கு ரொம்பப் பிடிக்கும், இல்ல? யார்கிட்டயும் மூச்சு விடாம போறதுன்னா இன்னும் பிடிக்கும்.”

பஞ்சுவின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. இதோ சொல்லப்போகிறான் என்று ரம்பம் காத்திருந்தான். பஞ்சு குனிந்து, துணியைச் சரிபாதியாகக் கரகரவென்று வெட்டித் தன் பங்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“நடு அளவு வழக்கம்போல. விழாவுக்கு எடுத்துட்டு வரேன்.”

“வராட்டியும் குதிரை ஒண்ணும் அழாது.”

அதன்பிறகு பட்டறையில் பேச்சு நின்றது. பஞ்சு ஸ்டேப்ளர் எங்கே என்று சுவரைக் கேட்டான். சுவர் சார்பில் ரம்பம் அதைத் தரையில் தேய்த்துத் தள்ளினான்.

வீட்டில் ரம்பம் தலையைத்தான் ஆரம்பித்தான். ஒரு காது முடிந்தபோது அவனுக்கு வேறு புத்தி வந்தது. போகிறவன் நிமிர்ந்து போகட்டும். நான் அவன் இடுப்பைப் பிடித்துக் குனிந்து பின்னால் வருகிறேன். ஊரே பார்க்கட்டும், அவனுக்கு உறைக்கட்டும். இதில் பாசம் எவ்வளவு, பழி எவ்வளவு என்று கேட்டால் அந்தத் தச்சனுக்கே அளந்து சொல்லத் தெரியாது. காதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கயிற்றைப் பிரித்துச் சீவி, அருமையான ஒரு வால் செய்தான்.

விழா நாளில் மண்டபத்துக்குப் பின்னால், நாற்காலி அடுக்கும் அறையில் இருவரும் மூட்டையைப் பிரித்தார்கள். ரம்பத்தின் மூட்டையில் ஒரு பின்பக்கமும் வாலும். பஞ்சுவின் மூட்டையிலும் ஒரு பின்பக்கமும் வாலும். பஞ்சு வாலுக்குத் திரைச்சீலைக் குஞ்சம் வைத்திருந்தான்.

“ஏன்டா வாலைச் செஞ்ச?” என்றான் ரம்பம்.

“நீதானே தலை தலைன்னு குதிச்ச? விட்டுக் கொடுத்தேன்.”

“உன்கிட்ட யாருடா கேட்டா?”

“நீ ஏன்டா செஞ்ச?”

“நானும் விட்டுக் கொடுத்தேன்!”

“அதையாவது எனக்கு விட்டிருக்கலாம்ல? எதுலயும் நீதான் முந்தணும்!”

விட்டுக் கொடுத்ததற்காக ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தது அந்த அறைக்குப் புதிது. மேடையில் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரம்பத்தின் மனைவி எட்டிப் பார்த்தாள். இரண்டு வாலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு பாதியையும் ஒட்டிக் கொக்கி மாட்டினாள். நடு இம்மி பிசகாமல் பொருந்தியது.

பின்னங்காலாக நடக்கிறவன் நடுவைப் பார்த்துக் குனிய வேண்டும். இங்கே இருவருமே பின்னங்கால். அதனால் துணிக்குள் இரண்டு தலையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. மூக்குக்கு மூக்கு அரை சாண்கூட இல்லை. திரும்ப இடமில்லை. கேட்கச் சுவரும் இல்லை. தட்டுத்தடுமாறி மேடை ஏறியதும், வெளியே ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“டேய்,” என்றான் பஞ்சு இருட்டில்.

“என்ன?”

“ஒண்ணாந்தேதி போறேன்டா. மேஸ்திரி வேலை.”

“தெரியும்.”

“தெரியும்னு தெரியும். ஆனா நான் சொல்லணும்ல. தலையை உனக்குக் கொடுத்துட்டு, நீ குளிர்ந்து இருக்கறப்போ சொல்லலாம்னு...”

ரம்பத்துக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் வந்தது.

“டிரைவருக்கு அப்புறம் சொல்ற. வெக்கமா இல்ல?”

“இருக்கு.”

“இருக்கட்டும். இப்பப் பின்னாடி நட.”

“நான் ஏன் நடக்கணும்? நீ நட.”

“மேஸ்திரின்னா பின்னாடி நடக்க மாட்டீங்களோ?”

“தள்ளாதடா!”

“நீ தள்ளாத!”

மேடை நடுவில் தலையில்லாத குதிரை ஓரடி நகராமல், இரண்டு வாலும் துடிக்க, கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது ஆட்டம் என்று நினைத்து முதலாளி முதல் வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார்.