ஒரே தொட்டி

மண் சாலையில் ஓடி ஓடி, படுக்கை, குளியலறையோடு அந்தத் தம்பதி ஊர் சுற்றிய வீட்டு வேனுக்கு என்ன நிறம் என்பதே மறந்துபோயிருந்தது. ஆளில்லாத மைதானத்தில் நிறுத்தியதும் கணவருக்குப் பொறுக்கவில்லை. வேனின் பின்பக்கக் குழாயில் ஹோஸை மாட்டினார்.

“நாளைக்கு ஊருக்குள்ள போய்க் கழுவிக்கலாமே,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு! இந்தக் கோலத்துல போனா மானம் போயிடும்.”

கூரையிலிருந்து சக்கரம்வரை சோப்பு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். வேன் கண்ணாடியாக மின்னியது. தலைமுதல் கால்வரை சேறும் நுரையுமாக உள்ளே ஏறி, குளியலறைக் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பின்பக்கக் குழாய்க்கும் இதற்கும் ஒரே தொட்டிதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி ஒரு போர்வையை நீட்டினாள்.

“வண்டி பளபளன்னு இருக்குங்க. அழுக்காக்கிடாம வெளியிலேயே படுத்துக்கோங்க.”