ரெண்டு பாலிஷ் போட்ட மாப்பிள்ளைச் சம்பா

உலகோர் அனைவரும் அறிய வேண்டியது: குத்தாலம் வட்டாரத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இனிமேல் சர்க்கரை ஏறாது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கமலாம்பாள் மகாலில், நாயன இசையுடன் அது ஒழிக்கப்படும். ஒழிப்பவர் நெல்லறிஞர் ஹரிஹரசுப்ரமணியன். ஒழிப்பு முடிந்ததும் அறுசுவை விருந்து உண்டு.

நோட்டீஸில் இதே வார்த்தைகள் இல்லைதான். ஆனால் படித்தவர் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றியிருக்காது. லின்சி அதை இரண்டு தடவை படித்தாள். சர்க்கரை ஒழியப்போகிற பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை நாலரைக் கிலோவில் பிறந்தது. ஊரே வந்து எடை கேட்டுவிட்டு வாய் பிளந்தது. பிறந்த சூட்டிலேயே அதற்குச் சர்க்கரை இறங்கி, எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. அந்த எட்டு நாளும் லின்சி பெட்டிக்கு வெளியே நின்றாள். இந்தத் தடவையும் சுகர் என்றதும் அவளுக்கு அந்தக் கண்ணாடிதான் கண்முன் வந்தது.

நர்ஸ் இசைவாணி நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு வாரம் சாப்பாட்ட மாத்திப் பாப்போம். தட்டுல பாதி காய், கால்வாசி பருப்போ மீனோ, கால்வாசிதான் சோறு, ஒரு கரண்டி. காயை மொதல்ல தின்னு, சோறு கடைசி. செவ்வாக்கெழம, சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பேன். நூத்தி இருபதுக்குக் கீழ இருந்தா இப்படியே ஓட்டலாம். மேல போனா இன்சுலின். அது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல. ஆனா ஊசி இல்லாம முடிஞ்சா நல்லதுதான?"

முடிந்துவிடும் போலத்தான் இருந்தது, மாமியார் அமலோற்பவத்தின் கரண்டி குறுக்கே வராமல் இருந்திருந்தால். சோறு ஒரு கரண்டிதான் என்று நர்ஸ் சொன்னதை அமலோற்பவம் மாதா மேல் ஆணையாக ஒப்புக்கொண்டாள். அப்படியே செய்தாள். ஆனால் கரண்டியில் சோற்றைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி வைத்தாள். கணக்குக்கு ஒரு கரண்டி. உள்ளே இரண்டு கரண்டி சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும்.

"என்னத்த இது, செங்கல்லா?"

"பின்ன? உள்ள இருக்குற புள்ள கீரையத் தின்னுட்டு ஆடாவா பொறக்கணும்?"

நாலாம் நாள் கரண்டி லின்சியின் கைக்கு மாறியது. அதற்குப் பிறகு மூன்று வேளையும் அவளே போட்டுக்கொண்டாள். பத்து நாள் சரியாகப் போயிற்று. மிச்சம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

செவ்வாய்க்கிழமையைத்தான் நெல்லறிஞர் எடுத்துக்கொண்டார்.

ஹரிஹரசுப்ரமணியன் சென்னையில் முப்பது வருஷம் லிஃப்ட் விற்றவர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பி, தாத்தா காலத்து நிலத்தில் மிச்சமிருந்த ஒரு வேலியில், அதாவது ஆறேழு ஏக்கரில், மாப்பிள்ளைச் சம்பா போட்டார். நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரிவதற்கு முன்னாலேயே நெல்லறிஞர் ஆகிவிட்டார். பட்டத்தைக் கொடுத்தது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளையின் தலைவர் அவர். செயலாளர் அவர் சம்சாரம். இசைவாணி பன்னிரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், "அந்த ரத்தத்த நம்ம மேடையிலயே எடுங்க சிஸ்டர். என் அரிசியச் சாப்பிட்டப்புறம் எவ்வளவு எறங்குதுன்னு ஒலகம் பாக்கட்டும்" என்றார்.

உலகம் என்று அவர் சொன்னது, வீடியோ எடுக்க வந்த ஒருவரை.

பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டே முக்கால் வரை பேசினார். திரையில் படம் படமாக ஓடியது. கிளைசீமிக் இண்டெக்ஸ் என்பதை ஸ்தோத்திரம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உச்சரித்தார். சாப்பாடு எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரை ஏற்றும் என்பதன் கணக்கு அது என்று மட்டும் சொல்லவில்லை. நடுவில் குரலை உயர்த்தி, "சோழர் காலத்துல எந்தக் கர்ப்பிணிக்காவது சர்க்கரை வியாதி இருந்துதா?" என்று கேட்டார்.

லின்சிக்குப் பக்கத்தில் இருந்தவள் காளியம்மாள். நடவு வேலைக்குப் போகிறவள், ஐந்தாம் மாதம், காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வந்தவள். "அப்ப மிஷினு இல்லிங்களே சார்" என்றாள்.

நெல்லறிஞர் அவளைப் பார்த்துக் கருணையோடு சிரித்தார். பதில் இல்லாதபோது கருணை அவருக்குத் தாராளமாக வரும்.

இசைவாணிக்கு ஒதுக்கியிருந்த பத்து நிமிஷம் இரண்டாகக் குறைந்தது. அவள் மைக்கைப் பிடித்து, "எந்த அரிசியா இருந்தாலும் அளவு முக்கியம்" என்றாள். அடுத்த வாக்கியத்துக்குள் நாயனக்காரருக்குக் கைகாட்டி விட்டார்கள்.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். சாம்பார் சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம், நடுவில் சர்க்கரைப் பொங்கல். காய் என்று இலை ஓரத்தில் ஓர் ஊறுகாய்த் துண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளை வெறும் கீரையோடு அனுப்புகிறவன் இந்தப் பக்கத்தில் மானஸ்தன் இல்லை.

லின்சி இலையைப் பார்த்தாள். சோறு மல்லிகைப்பூ மாதிரி வெளுத்திருந்தது.

"அண்ணே, மாப்பிள்ளைச் சம்பா செவப்பாதான இருக்கும்?" என்று பரிமாற வந்த சமையல்காரர் சாரங்கபாணியைக் கேட்டாள்.

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "செவப்பு சோத்த எலையில போட்டா சனம் மொகஞ்சுளிக்கும்மா. எம் பேரு கெட்டுப்போவும். மில்லுல குடுத்து ரெண்டு பாலிஷ் போட்டுட்டேன். சார் கிட்ட சொல்லிடாத."

ஆக, நெல்லறிஞர் இரண்டே கால் மணி நேரம் புகழ்ந்த சத்தெல்லாம் தவிடாகி மில்காரர் மாட்டுக்குப் போயிருந்தது. வட்டாரத்தில் சர்க்கரை ஒழிந்த ஒரே ஜீவன் அந்த மாடு.

லின்சி மடியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். முருங்கைக்கீரை, அவரைக்காய், இரண்டு துண்டு மத்தி, ஒரு கரண்டி அமுக்காத சோறு. கீரையை முடித்து மீனுக்கு வந்தபோது, தலைக்கு மேல் நிழல் விழுந்தது. நெல்லறிஞர், கையில் வெள்ளி ஸ்பூன், ஸ்பூனில் பொங்கல், பின்னால் வீடியோ.

"ஆ காட்டும்மா."

"சார், எனக்கு மூணு மணிக்கு டெஸ்ட் இருக்கு. சக்கரப் பொங்கல் வேணாங்க சார்."

"இது சர்க்கரையே இல்லம்மா, வெல்லம். இது சோறும் இல்ல, மருந்து."

சுற்றிலும் எல்லோரும் பார்த்தார்கள். பெரிய மனிதர் குனிந்து நின்று ஊட்டுகிறார். வாயை மூடிக்கொண்டால் லின்சி திமிர் பிடித்தவள் ஆகிவிடுவாள். கண்ணாடிப் பெட்டியை நினைத்தாள். வாயைத் திறந்தாள். ஸ்பூன் உள்ளே போனது, வெளியே வந்தது. பொங்கலைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, படத்துக்குச் சிரித்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கர்ச்சீப்பில் துப்பினாள். பேனர் மறைந்துவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடி துப்பினாள்.

"ஏண்டி, நெய் மணக்குது, துப்புறியே?" என்றாள் காளியம்மாள், இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிக்கொண்டே. "சாரே ஒண்ணும் பண்ணாதுன்னுட்டாரு."

"அவருக்கா புள்ள பொறக்கப்போவுது? போதும்க்கா, வச்சிடு."

"பசிக்குதுடி."



மூன்று மணிக்கு மேடையில் விரல் நுனிகளைக் குத்தினார்கள். இசைவாணி எண்ணைப் படிக்கப் படிக்க, மைக்கில் அறிவிக்க வேண்டிய நெல்லறிஞரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. நூற்றெழுபத்தெட்டு. நூற்றெண்பத்தைந்து. காளியம்மாளுக்கு இருநூற்றுப் பதினொன்று. பதினொரு பேர் முடிந்தபோது அவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, மிஷின் எந்த நாட்டுச் சரக்கு என்று விசாரித்தார்.

கடைசியில் லின்சி. மிஷின் எண்ணைக் காட்ட எடுத்துக்கொண்ட ஐந்து விநாடி அவள் மூச்சு விடவில்லை.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள் இசைவாணி. அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, காதோடு, "உனக்கு ஊசி வேணாம்" என்றாள்.

லின்சி நாற்காலியில் சாய்ந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். நெல்லறிஞரின் மைக் மறுபடி வாய்க்கு ஏறியது.

"பாத்தீங்களா! சொன்னேனா இல்லியா! எழுந்திரும்மா. ஒலகத்துக்குச் சொல்லு. நம்ம அரிசி எவ்வளவு சாப்பிட்டே?"

லின்சி எழுந்தாள். "ஒரு வாயும் சாப்பிடல சார். வீட்டுலேருந்து கீரையும் மத்தி மீனும் கொண்டாந்தேன். நீங்க ஊட்டுனத துப்பிட்டேன்."

நெல்லறிஞர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார்.

"கேட்டீங்களா? சாப்பிடவே இல்ல! அந்த அரிசியோட வாசனைக்கே சுகர் எறங்கியிருக்கு!"

முதலில் நாயனக்காரர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். லின்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மற்ற பதினொரு பேரும் மறுநாள் காலை இன்சுலின் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள்.