உரிமையோடு கேட்டது

கோடை விடுமுறை ஆராய்ச்சிப் பயிற்சிக்கு யாரிடம் சேர்வது என்பதை இந்திராணியே முடிவு செய்திருந்தால், டாக்டர் மல்ஹோத்ராவிடம்தான் போயிருப்பாள். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்தவள், வகுப்பில் முதல் மார்க். அந்த அம்மாளே கூப்பிட்டு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா இராஜமாணிக்கம்தான் குறுக்கே விழுந்தார்.

"டாக்டர் நல்லசிவம் இருக்காவல்லா? நம்ம பாளையங்கோட்டைக்காரவுக. தெரியாத மனுஷங்கள்ட்ட என்னத்துக்குப் போய் நிக்கணும்?"

டெல்லி ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், ஊர்ப்பெயரைக் கேட்டால் போதும், மனுஷன் உருகிவிடுவார். இந்திராணியும் சளைத்தவள் இல்லை. முதல் நாள் நல்லசிவம் "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டதுமே குளிர்ந்துபோனாள். மற்ற மாணவர்களோடு அவருக்கு இங்கிலீஷ். இவளோடு மட்டும் தமிழ்.

வேலை என்னவோ வெயிலில்தான். நாள் முழுக்க வண்டிப் புகையில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரர்களுக்கு நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கருவியை வாயில் வைத்து ஊதினால் முள் ஏறும். ஆனால் ஒரு சின்னப் பெண் சொன்னாள் என்று எந்தப் போலீஸ்காரர் நடுரோட்டில் ஊதுவார்? கரோல் பாக் முனையில் அனல்காற்றில் நின்று, "பையா, ஒரே ஒரு தடவை" என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சி, கிண்டலைப் பொறுத்துக்கொண்டு, அவர்களோடு டீ குடித்து, ஒருவழியாக ஊத வைத்தாள். முகம் கறுத்துத் தோல் உரிந்தது. கூடச் சேர்ந்த அருண் பாட்டியா, துறைத்தலைவருடைய அக்கா மகன், ஃபேனுக்குக் கீழேயே கோடையைக் கழித்தான்.

அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பயிற்சி முடியும் நாளில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மேடையேறிப் பேசுவார். பேசுகிறவர் பெயரில்தான் கட்டுரை வெளிவரும். "அது நீதாம்மா, வேற யாரு?" என்று நல்லசிவம் சொல்லியிருந்தார்.

அந்த நாளுக்கு முந்தின நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்திராணி, நாளைக்கு அருண் பேசட்டும். கட்டுரையும் அவன் பேர்லயே இருக்கட்டும். எனக்குப் புரொஃபசர் பதவி வாற நேரம். எல்லாம் அவன் மாமா கையிலதான் இருக்கு."

"வெயில்ல நின்னது நான்தானே சார்?"

"இல்லன்னு யாரு சொன்னா? வேற பிள்ளைன்னா கேப்பேனா? சண்டைக்கு வந்துருவா. நீ நம்ம பிள்ளை. உன்ட்டதான உரிமையாக் கேக்க முடியும்." பிறகு சர்வசாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "அப்பாட்டயும் நேத்தே சொல்லிட்டேன். அதுக்கென்ன, தாராளமான்னுட்டாவ."

அந்நியன் பிடுங்கியிருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம். அப்பாவுமா?

வீட்டில் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பெரிய மனுஷன் வாய்விட்டுக் கேட்டாவ. எப்படிட்டி முடியாதுன்னு சொல்ல? நாளப்பின்ன நமக்கு ஒண்ணுன்னா அவுகதான வரணும்?"

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

அப்பா சாப்பிட வா என்றார்.

மறுநாள் அருண் டை கட்டிக்கொண்டு அழகாகத்தான் பேசினான். நல்லசிவத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய கோடை இன்னொருவன் வாயிலிருந்து வருவதை அவள் கேட்டாள். முடிந்ததும் டாக்டர் மல்ஹோத்ரா எழுந்தார்.

"ஒன்று விளங்கவில்லை. வயதான போலீஸ்காரர்களைவிட, புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு ஏன் மூச்சு மோசமாக இருக்கிறது?"

அருண் திருதிருவென்று விழித்தான். நல்லசிவத்துக்கும் தெரியாது. இந்திராணிக்குத் தெரியும். பழைய ஆட்கள் பெரிய அதிகாரியிடம் சொல்லிவைத்து, மரநிழலும் காற்றும் உள்ள முனைகளை வாங்கிக்கொள்வார்கள். புகை மண்டும் முனைகளெல்லாம் புதுப்பையன்கள் தலையில் விழும். டீ குடிக்கும்போது அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னது.

நல்லசிவம் அவள் பக்கம் சாய்ந்தார். "என்னம்மா காரணம்? சட்டுனு சொல்லு, தாயி."

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கூச்சமும் இல்லை, பயமும் இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள் என்ற நிம்மதிதான் இருந்தது.

"மாலூம் நஹீ, சார்" என்றாள்.

தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னாள், அதுவும் இந்தியில். அவரோடு அவள் இந்தி பேசியது அதுவே முதல் தடவை. நல்லசிவம் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடையில் அருண் ஏதோ முணுமுணுத்தான். டாக்டர் மல்ஹோத்ரா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில், அரைநாள் லீவு போட்டு வந்திருந்த அப்பாதான் முதல் ஆளாகக் கை தட்டினார்.