பாதி எடை

தங்கைக்கு விழா அரங்குகளில் பலூன் அலங்காரம் செய்வது தொழில். அன்று ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ரிப்பன் கட்ட ஆள் போதவில்லை என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். பள்ளியில் வேதியியல் எடுக்கும் அக்காவுக்குத் திங்கட்கிழமைத் தேர்வுக்கு நிஜமான கணக்கு ஒன்று தேவைப்பட்டது. அரங்குச் சமையலறைத் தராசில் ஹீலியம் சிலிண்டரை ஏற்றி எடை பார்த்தாள். மீட்டரில் அழுத்தம் நூற்றிருபது பார். கொள்ளளவு நாற்பது லிட்டர். அறை வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உள்ளே எழுநூற்று எண்பது கிராம் வாயு இருக்க வேண்டும்.

முந்நூறு பலூன்கள் கூரையைத் தொட்டபின் காலி சிலிண்டரை மறுபடி எடை பார்த்தாள். குறைந்திருந்தது முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்தான்.

தராசு கெட்டுப்போயிருக்கும் என்றாள் தங்கை. பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார்கள். சரியாக ஒரு கிலோ. அப்படியென்றால் சிலிண்டர் கொடுத்த வியாபாரி பாதிதான் அடைத்து ஏமாற்றிவிட்டான் என்றாள் தங்கை. அக்கா தலையாட்டவில்லை. பாதி அடைத்திருந்தால் மீட்டரும் பாதிதானே காட்டியிருக்கும்?

பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அழுத்தம், இடம், சூடு மூணும் ஒண்ணா இருந்தா எந்த வாயுவா இருந்தாலும் துகளோட எண்ணிக்கை ஒண்ணுதான். எண்ணிக்கை சரி, எடை பாதின்னா, துகளே பாதி எடை. ஹீலியத்துல பாதி எடை உள்ளது ஒண்ணே ஒண்ணுதான்டி."

"என்னது?"

"ஹைட்ரஜன். நெருப்பு பட்டா எரியும்."

கூடத்தில் கேக்கைச் சுற்றிக் குழந்தைகள் நெருங்கி நின்றார்கள். பிறந்தநாள் குழந்தையின் மாமா லைட்டரைக் கையில் எடுத்திருந்தார். அக்கா விறுவிறுவென்று போய் அவர் கையைப் பொத்தினாள்.

குழந்தையின் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா வாதாடவில்லை. ஒரே ஒரு பலூனை வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோய், நீளக் கயிற்றில் வேலியோரம் கட்டினாள். ஒட்டடைக் கம்பின் நுனியில் மெழுகுவர்த்தியை ஏற்றி, எட்ட நின்று நீட்டினாள். ஆள் உயரத்துக்கு ஒரு நெருப்புப் பந்து; கூடவே 'டம்'மென்ற அதிர்வு. அரங்கின் கண்ணாடிக் கதவுகள் நடுங்கின. அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தன.

முதலில் குழந்தைகள் வெளியேறினார்கள். பிறகு பலூன்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வாயைப் பிரித்துவிட்டார்கள். கேக்கை வண்டி நிறுத்தும் கொட்டகையில், மெழுகுவர்த்தி இல்லாமல் வெட்டினார்கள்.

தங்கை வியாபாரியை ஃபோனில் பிடித்தாள். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஹீலியம் கிடைக்கலம்மா. எட்டு மாசமா இதான் தர்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

ஃபோனை வைத்தவள் அதிலிருந்த பழைய படங்களைத் திறந்தாள். எட்டு மாத விழாக்கள். எல்லாப் படத்திலும் ஒரு குழந்தை கன்னம் உப்ப மெழுகுவர்த்தி மேல் குனிந்திருந்தது. தலைக்கு மேலே அவள் கட்டிய பலூன்கள். எண்ணிக்கொண்டே போனவள் இருபத்தாறில் நிறுத்தினாள்.

தீயணைப்பு நிலையத்துக்கு அவளேதான் பேசினாள். மறுநாள் வியாபாரியின் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். தங்கை இரண்டு மாதம் எந்த வேலையும் ஏற்கவில்லை. இப்போது வெறும் காற்றடைத்த பலூன்களையே சுவரில் கட்டுகிறாள். ஏன் மிதக்கவில்லை என்று கேட்பவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள்.